அடுப்படிக்குப் புதியவர்களுக்கு ஒரு சமையல் நூல்

வீடு திரும்பும் நாளில் நோயாளியின் கையில் தரப்படும் உணவுக் குறிப்பு பெரும்பாலும் ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. உப்பைக் குறைக்கவும், எண்ணெயைக் குறைக்கவும், எளிதில் செரிக்கும் உணவு தரவும் என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தாளைப் பெற்றுக்கொள்பவர் அதுநாள் வரை அடுப்பையே பற்றவைத்தறியாதவராக இருந்தால், அவ்வரிகளால் அவருக்கு என்ன பயன்? எவ்வளவு குறைப்பது என்று அவரால் கணக்கிட இயலாது. எவ்வளவு போடுவது என்பதையே அவர் இனிமேல்தான் அறிய வேண்டும்.

இத்தகையோர் நம் பகுதியில் சிலர் அல்லர். வீட்டில் நாள்தோறும் சமைத்துவந்தவரே நோயாளியாகிவிட்ட இல்லங்கள் அவை. பக்கவாதத்தால் வலக்கை விழுந்த மனைவி, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்ட தாய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் அக்கா என எவராகவும் இருக்கலாம். அவர்களுக்குத் துணை நிற்பவர் துறைமுகத்திலோ, எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளிலோ ஷிப்ட் வேலை பார்க்கும் கணவர். அல்லது கல்லூரி செல்லும் மகன். முதல் வாரம் உறவினர் வீட்டிலிருந்து தூக்குச்சட்டி வரும். இரண்டாம் வாரம் தெருமுனை மெஸ்ஸிலிருந்து பொட்டலம் வரும். மூன்றாம் வாரத்தில் அவர்களுள் ஒருவர் எங்கள் உணவியல் பிரிவின் வாயிலில் நின்று, “சமைக்கக் கற்றுக்கொள்ள எந்தப் புத்தகம் வாங்கலாம்?” என்று கேட்பார்.

மிக நல்ல கேள்வி அது. கைப்பேசியில் ஆயிரம் காணொளிகள் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று சிலர் எண்ணலாம். காணொளி கையசைவைக் காட்டும், அது நன்மையே. ஆனால், உப்பைப் போடும்போது “கொஞ்சம்” என்று சொல்லிவிட்டு அது அடுத்த காட்சிக்குச் சென்றுவிடுகிறது. மாவும் எண்ணெயும் படிந்த விரலால் அதை நிறுத்தவும் முடிவதில்லை. புத்தகம் காத்திருக்கும், ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளவும் இடம் தரும். நோயாளிக்குச் சமைக்கையில் அந்த ஓரக் குறிப்புகளே பின்னாளில் பேருதவியாகின்றன.

‘சமைத்துப் பார்’ காட்டிய வழி

முற்றிலும் புதியவருக்கென்று தமிழில் எழுதப்பட்ட சமையல் நூல்களுள் தலையாயது எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. அதன் முதற்பாகம் 1951-இல் சென்னையில் வெளியாயிற்று. இளம் வயதிலேயே கணவரை இழந்த அவர், சமையலில் தேர்ந்த கைக்காகச் சுற்றத்தாரிடையே பெயர் பெற்றிருந்தார். மணமாகி வேற்றூர் சென்ற பெண்கள் செய்முறை கேட்டு அவருக்குக் கடிதம் எழுதுவார்கள். அவரும் சலிக்காமல் எழுதி அனுப்புவார். இதையே ஏன் நூலாக்கக் கூடாது என்று ஊக்கியவர் அவருடைய உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். அடுத்தடுத்துப் பாகங்கள் வெளிவந்தன; நூல் ஆங்கிலத்திலும் வந்தது. கடல் கடந்து சென்ற பலருடைய பெட்டியில் அந்நூல் இடம்பெற்றது. 1962-இல் மீனாட்சி அம்மாள் மறைந்த பின்னரும் அது அச்சில் தொடர்ந்தது.

அந்நூல் பிறந்த விதத்தில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. அது கடிதங்களுக்கான மறுமொழியாகத் தொடங்கியது. கேட்பவள் தொலைவில் இருக்கிறாள். அருகில் நின்று “போதும், நிறுத்து” என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆகவே, அளவையும் முறையையும் எழுத்திலேயே சொல்லித் தீர வேண்டும் என்ற நெருக்கடி எழுதியவருக்கு இருந்தது. அந்த நெருக்கடியை உணர்ந்து எழுதப்பட்ட நூலே புதியவருக்கு ஏற்றது. சமைக்கத் தெரிந்தவர், தெரிந்த மற்றவருக்காக எழுதும் நூல்கள் வேறு வகை. அவை சுவையானவை, வண்ணப்படங்கள் நிறைந்தவை, புதியவருக்கு உதவாதவை.

ஆயினும், ‘சமைத்துப் பார்’ நூலை இன்று வாங்குவோர் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். இந்தியாவில் மெட்ரிக் அளவை முறைக்கான சட்டம் 1956-இல்தான் வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட நூலில் ஆழாக்கும் பலமும் இருப்பது இயல்பே. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனால், படியே ஊருக்கு ஊர் வேறுபட்டது. எனவே, நீங்கள் வாங்கும் பதிப்பில் இன்றைய அளவுகள் உள்ளனவா, அல்லது மாற்றுப் பட்டியலாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, அக்காலத்துச் சமையலறை வெண்கலப் பானையும் ஈயச் சொம்பும் கொண்டது. பிரஷர் குக்கர் நம் நாட்டில் பரவத் தொடங்கியது 1950-களின் இறுதியில்தான். பருப்பு வேகும் நேரத்தைப் பழைய நூலில் படித்துவிட்டு இன்றைய குக்கரில் தேடக் கூடாது. ஈயச் சொம்பைப் பற்றியும் ஒரு சொல்: அதில் நீரோ புளிக்கரைசலோ ஊற்றாமல் அடுப்பில் ஏற்றினால் உருகிவிடும். புதியவர்கள் ரசத்துக்கு எவர்சில்வர் பாத்திரத்தையே பயன்படுத்தலாம்.

தலைதட்டிய கரண்டி

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபேனி ஃபார்மர் என்ற பெண்மணி இருந்தார். பதினாறாம் வயதில் பக்கவாத நோய் அவரைத் தாக்கியது. பள்ளிப் படிப்பு நின்றது. பல ஆண்டுகள் நடக்க இயலாமல் இருந்தார். ஓரளவு தேறிய பின் சமையற்கலைப் பள்ளியொன்றில் சேர்ந்து, பின்னர் அதற்கே தலைவரானார். 1896-இல் அவர் வெளியிட்ட சமையல் நூல் அளவுகளைத் தலைதட்டிய கரண்டியாலும் கோப்பையாலும் சொன்னது. ‘முட்டையளவு வெண்ணெய்’, ‘ஒரு சிட்டிகை’ என்று எழுதுவதே வழக்கமாக இருந்த காலம் அது. கரண்டியில் குவித்து எடுத்த பொருளைக் கத்தியின் முதுகால் வழித்துத் தலைதட்டிப் போடு என்ற அவருடைய ஒரு விதி சமையல் நூல் எழுதும் முறையையே மாற்றியது.

நம் வாசகர்கள் அறிய வேண்டியது இதற்கு அடுத்த செய்தி. 1904-இல் அவர் நோயாளிகளுக்கும் நோயிலிருந்து தேறிவருவோருக்குமான உணவு பற்றித் தனி நூல் எழுதினார். செவிலியருக்கும் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிலும் அப்பொருள் குறித்து வகுப்பெடுத்தார். தம் பணிகளுள் இதுவே நிலைக்கும் என்று அவர் நம்பியதாகச் சொல்வர். வாழ்வின் இறுதி ஆண்டுகளில் நடக்க முடியாமற்போன பின்பும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி சொற்பொழிவாற்றினார். அளவை இத்தனைக் கண்டிப்பாக வற்புறுத்தியவர் நோயின் கொடுமையைத் தம் உடலில் அறிந்தவர் என்பது எங்களுக்கு வியப்பாகத் தோன்றவில்லை.

நம் சமையல் நூல்களில் எல்லாவற்றுக்கும் அளவு இருந்தாலும் ஒன்றுக்கு மட்டும் இருப்பதில்லை. “உப்பு – தேவையான அளவு” என்று ஏறக்குறைய ஒவ்வொரு செய்முறையிலும் காண்கிறோம். நூலாசிரியரைக் குறை சொல்வதற்கில்லை. கல்லுப்பு, தூளுப்பு என உப்பில் வகை உண்டு. நாவுக்கு நா சுவை வேறுபடும். உடல் நலமுள்ள குடும்பத்துக்கு அந்தச் சொற்றொடரே போதும். ஆனால், இரத்த அழுத்தமோ, இதயச் செயலிழப்போ, சிறுநீரக நோயோ உள்ளவருக்கு அந்த ஓர் இடத்தில்தான் துல்லியம் தேவை; நூல் மௌனம் காப்பதும் அங்கேதான். எந்த நூலை வாங்கினாலும் இந்த வெற்றிடத்தை நீங்களே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு கணக்கு. உலக நலவாழ்வு நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்று வரையறுத்துள்ளது. இது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், பிஸ்கட் முதலியவற்றில் உள்ள உப்பும் இதனுள் அடக்கம். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 20 கிராம் என்று கொண்டால், ஒரு கிலோ உப்புப் பொட்டலம் 50 நாள் வர வேண்டும். அது 30 நாளில் தீர்ந்துவிடுமானால், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அடுக்களையிலிருந்து மட்டுமே நாளுக்கு 8 கிராமுக்கு மேல் உண்கிறார்கள் என்று பொருள். மீன் கழுவவும் காய் அலசவும் செலவாகும் உப்பைத் தனியே வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும். பொட்டலத்தைப் பிரிக்கும் நாளை அதன் மீதே எழுதிவையுங்கள். எந்தக் கருவியும் வேண்டியதில்லை. உங்கள் மருத்துவர் இதைவிடக் குறைந்த அளவைக் குறித்திருந்தால் அதுவே உங்களுக்குரிய அளவு.

எண்ணெய்க்கும் இதே வழிதான். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்பது உணவியலார் பொதுவாகச் சொல்லும் வரம்பு. மாதத் தொடக்கத்தில் அந்த அளவை மட்டும் தனிப் புட்டியில் ஊற்றி வைத்துவிட்டால் கரண்டிக் கணக்குப் பார்க்க வேண்டிய தொல்லை குறையும்.

கடையில் நின்று படித்துப் பார்க்கும் முறை

புத்தகத்தின் அட்டையையும் படங்களையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு உண்ணத் தெரிந்த, ஆனால் செய்யத் தெரியாத ஓர் எளிய உணவின் பக்கத்தைத் திறந்து படியுங்கள். உப்புமா இதற்கு நல்ல உரைகல். “ரவையை வறுத்து, தாளித்து, தண்ணீர் ஊற்றிக் கிளறி இறக்கவும்” என்று ஒரே மூச்சில் முடித்திருந்தால் புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிடலாம். புதியவர் தடுமாறும் இடங்கள் அத்தனையும் அந்த ஒரு வரிக்குள் புதைந்து கிடக்கின்றன.

நல்ல நூல் அதை எப்படிச் சொல்லும்? ஒரு கோப்பை ரவை, இரண்டரைக் கோப்பை நீர், மூவருக்குப் போதும் என்று முதலிலேயே கூறும். வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் அரிந்து வைத்துக்கொண்ட பின்னரே அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லும். ரவையை வெறும் வாணலியில் சிறு தீயில் மணம் வரும் வரை வறுக்க வேண்டும், நிறம் மாறக் கூடாது என்று எச்சரிக்கும். எண்ணெய் காய்ந்ததை அறிய ஒரு கடுகைப் போட்டுப் பார்க்கலாம். அது உடனே வெடித்தால் மீதியைப் போடலாம் என்று சொல்லித் தரும். வெங்காயம் கண்ணாடி போல் ஆகும் வரை வதக்கி, நீரூற்றி, அது தளதளவென்று கொதித்த பிறகு தீயைத் தணித்து, ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே மறு கையால் கிளறினால்தான் கட்டி தட்டாது என்ற மறைபொருளையும் வெளியிடும். மூடி வைத்து மூன்று நிமிடம் கழித்துத் திறந்தால் ரவை உப்பியிருக்கும், கரண்டியில் ஒட்டாது என்று முடிவின் அடையாளத்தையும் கூறும். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் “உப்பு: அரைத் தேக்கரண்டி, தலைதட்டி” என்று நீங்கள் எழுதிக்கொண்டால் ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் ஆகிறது. தொட்டுக்கொள்ளும் சட்னியில் உள்ளது தனி.

அடையாளங்களைப் பற்றி இன்னும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். தமிழ்ச் சமையல் மொழியின் செல்வமே அவைதாம். பச்சை வாசனை போதல், எண்ணெய் பிரிந்து நிற்றல், நுரை கூடுதல், கம்பிப் பதம், கையில் ஒட்டாத பதம் என்று கண்ணுக்கும் மூக்குக்கும் விரலுக்கும் தனித்தனிச் சொற்கள் நம்மிடம் உண்டு. நிமிடக் கணக்கைவிட இவை நம்பகமானவை. உங்கள் அடுப்பின் தீயும் நூலாசிரியரின் அடுப்புத் தீயும் ஒன்றல்ல. ஆனால், இச்சொற்களின் பொருள் புதியவருக்குத் தெரியாது. வதக்குதல், வறுத்தல், பொரித்தல் மூன்றும் அவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். வதக்குவதில் எண்ணெய் சிறிது, பொருளில் ஈரமுண்டு. வறுப்பதில் ஈரமில்லை, எண்ணெய் இல்லாமலும் வறுக்கலாம். பொரிப்பதில் பொருள் எண்ணெயில் மூழ்கும் அல்லது நன்கு தோயும். எண்ணெய் குறைக்க வேண்டிய வீட்டில் இந்த வேறுபாடு பெரிது. முதற்பக்கங்களில் இச்சொற்களை விளக்கும் நூல் எதுவாயினும் எங்கள் மதிப்பில் உயர்ந்து நிற்கும்.

‘ஒரு கப்’ என்பது எவ்வளவு என்று நூல் சொல்கிறதா என்றும் பாருங்கள். மின்சார ரைஸ் குக்கருடன் வரும் கோப்பை பொதுவாக 180 மில்லி. சமையல் நூல்களின் கோப்பை பெரும்பாலும் 200 முதல் 250 மில்லி வரை வேறுபடுகிறது. ஒரே கோப்பையால் அரிசியையும் நீரையும் அளந்தால் பிழை வராது. மருந்துடன் வரும் 5 மில்லி அளவு மூடியும் தேக்கரண்டி அளவும் ஒன்றே என்பது பலர் கவனிக்காத செய்தி. கழுவி உலர்த்தி அதையே பயன்படுத்தலாம்.

ஒரு செய்முறைக்குப் பன்னிரண்டு பொருள்களுக்கு மேல் கேட்கும் நூலும் தொடக்கத்துக்கு வேண்டாம். ரேவதி சண்முகம் போன்றோர் எழுதிய செட்டிநாட்டுச் சமையல் நூல்கள் அருமையானவை. மசாலா வறுத்து அரைக்கும் கை பழகிய பிறகு அவற்றை நாடலாம். மல்லிகா பத்ரிநாத் 1988 முதல் வெளியிட்டுவரும் சிறு நூல்கள் போல, ஒரு நூல் ஒரு வகை உணவை மட்டும் எடுத்துக்கொண்டு சுருக்கமாகச் சொல்லுமானால், இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படிப்பவருக்கு அது சுமையாவதில்லை.

மீன் இல்லாத நூல், மீன் உள்ள வீடு

‘சமைத்துப் பார்’ முழுமையும் சைவம். பிராமண இல்லங்களின் சமையல். இராயபுரத்திலும் காசிமேட்டிலும் வாழும் குடும்பத்துக்கு அதில் பாதி வாரத்துக்கான விடையே கிடைக்கும். தம் வீட்டு உணவு இல்லாத நூலை வாங்கி வைத்து, அதில் உள்ளதை நோயாளிக்குத் திணிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. நான்கு நாளில் நூலும் மூலைக்குப் போகும், நோயாளியின் பசியும் மந்தமாகும். ஆகவே, மீன் சமையலைத் தெளிவாகச் சொல்லும் நூலொன்றும் தேடுங்கள்.

அதில் பார்க்க வேண்டியவை வேறு. மீனை எப்போது குழம்பில் இடுவது என்று கூறியிருக்க வேண்டும். குழம்பு நன்கு கொதித்துப் பச்சை வாசனை போன பின், இறுதியில்தான் மீன் சேர வேண்டும். சேர்த்த பிறகு கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து மெல்லச் சுழற்ற வேண்டும். சதை வெள்ளையாகி முள்ளிலிருந்து விலகுவதே வெந்ததன் அடையாளம். சிறு மீனுக்குச் சில நிமிடங்களே போதும். காசிமேட்டில் மீனை வாங்கும் இடத்திலேயே சுத்தம் செய்து துண்டு போட்டுத் தருவார்கள். புதியவர்கள் அதற்கான கூலியைத் தயங்காமல் கொடுத்துவிடலாம். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு முள் மிகுந்த சிறு மீன்களைத் தவிர்த்து, சதைப்பற்றுள்ள துண்டை நன்கு முள் நீக்கித் தாருங்கள்.

கருவாடு பற்றி நூல்கள் கூறாததை நாங்கள் கூறிவிடுகிறோம். அது உப்பிலேயே பதப்பட்ட பொருள். வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் உப்பு குறையுமே தவிர முழுவதும் நீங்காது. இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு அது வேண்டாம். வீட்டில் மற்றவர்களுக்குச் சமைக்கும் அன்று நோயாளியின் குழம்பைத் தனியே எடுத்துவிடுவது நல்லது; மணம் மட்டும் வந்து உணவு வராமற்போனால் எவருக்கும் மனம் வாடும்.

நூல்கள் சொல்லாதவை

எந்தச் சமையல் நூலும் உங்கள் நோயாளியை அறியாது. பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு விழுங்கும் தசைகள் தளர்ந்திருக்கும். நம் வீடுகளில் நோயாளி என்றாலே ரசம் சாதம் என்பது மரபு. ஆனால், இத்தகையோருக்குத் தண்ணீரும் ரசமும் போன்ற நீர்த்த திரவங்களே மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவுக்கு வழிவகுக்கக் கூடும். குழைவான, கெட்டியான உணவு பாதுகாப்பாக இருக்கும். உணவு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பதை விழுங்குதல் பயிற்சியாளரிடம் கேட்டறிந்து, அந்தப் பதத்துக்கு ஏற்ற செய்முறையை மட்டும் நூலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். உண்ணும்போது இருமல் வந்தாலோ, குரல் கரகரத்தாலோ அடுத்த வாயை ஊட்டாமல் நிறுத்தி, எங்களிடம் தெரிவியுங்கள்.

சிறுநீரக நோயாளிகளின் வீட்டில் மற்றொரு கவனம். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கப்படுவதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு உடலில் பொட்டாசியம் தேங்குவது இதயத் துடிப்பையே பாதிக்கும். சில இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் இது பொருந்தும். நூலொன்று அதைப் பரிந்துரைத்தாலும், மருத்துவரைக் கேளாமல் வாங்காதீர்கள். சர்க்கரை நோயாளிக்கென்று வெல்லம், தேன், கருப்பட்டி கொண்டு இனிப்புச் செய்யச் சொல்லும் பக்கங்களையும் கடந்துவிடுங்கள். அவையும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுபவையே.

அண்மைக் காலத்தில் ‘மருத்துவச் சமையல்’ என்ற பெயரில் நூல்கள் பெருகியுள்ளன. அவற்றுள் நல்லவை உண்டு. ஆனால், இந்தக் கஞ்சியால் இந்த நோய் தீரும், மாத்திரை தேவையில்லை என்று எழுதியிருக்கும் நூலை, அதன் மற்றப் பக்கங்கள் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், வாங்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. உணவின் சத்து பற்றி நம்பத்தக்க செய்தி வேண்டுவோர் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வெளியீடுகளைப் பார்க்கலாம். 1918-இல் நம் குன்னூரில் சிறிய ஆய்வுப் பிரிவாகத் தொடங்கி, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த நிறுவனம் அது. அதன் உணவு வழிகாட்டி 2024-இல் புதுப்பிக்கப்பட்டுள்ளது. அது சமையல் நூலன்று. சமையல் நூலை எடைபோடும் தராசாக அதைக் கொள்ளலாம்.

அடுப்படிப் பாதுகாப்பைப் பற்றி ஒரு பக்கமேனும் உள்ள நூல் அரிது. குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பருப்பு, கஞ்சி போன்று பொங்குபவை பாதியளவே இருக்க வேண்டும். விசில் அடங்கி ஆவி முழுவதும் போன பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். தீப்புண்ணோடு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறோம். சமைத்த சோற்றை நம் ஊர் வெப்பத்தில் பகல் முழுவதும் வெளியே வைத்திருந்து, இரவில் நோயாளிக்குத் தருவதும் கூடாது.

வாங்குமுன் இரவலாகப் படித்துப் பார்ப்பது சிக்கனம். எழும்பூரில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகத்தில் தமிழ்ச் சமையல் நூல்கள் உண்டு. விம்கோ நகர், திருவொற்றியூர்ப் பகுதியினர் மெட்ரோவில் சென்ட்ரல் சென்று, அங்கே மாறி எழும்பூர் போகலாம். பழைய மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பின் அதன் வணிகர்கள் இடம்பெயர்ந்த அல்லிக்குளம் வளாகத்திலும், பொங்கலையொட்டி நடைபெறும் புத்தகக் காட்சியிலும் குறைந்த விலையில் கிடைப்பதுண்டு. எழுத்து பெரிதாகவும், மேடையில் விரித்தால் மடங்காமல் கிடப்பதாகவும் உள்ள பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

கட்டிலில் இருக்கும் ஆசிரியை

நூல் வாங்கியாயிற்று என்பதற்காக வீட்டிலுள்ள பெரிய நூலை மறந்துவிட வேண்டாம். இத்தனை ஆண்டுகள் சமைத்தவர் கட்டிலில்தான் இருக்கிறார். அவரிடம் கேட்டால் “ஒரு கை”, “கண்ணளவு” என்பார். அந்தக் கையளவை நாம் அளந்துகொள்ளலாம். ஒரு தட்டில் உப்பை வைத்து, குழம்புக்கு வழக்கமாக எடுக்கும் அளவை எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். அதைத் தேக்கரண்டியால் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வலக்கை இயங்காதவர் இடக்கையால் எடுக்கட்டும்; பயிற்சிக்கும் அது நல்லது. பேச்சு தடைப்பட்டவருக்கு இரண்டு டப்பாக்களைக் காட்டி, எது என்று கேட்டால் தலையசைப்பார். இப்படிச் சில நாளில் அந்த வீட்டுக்கென்றே ஒரு சமையல் நூல் உருவாகிவிடும். தம் அடுப்படி தம் கையை விட்டுப் போய்விட்டது என்று கலங்கியிருக்கும் பெண்களுக்கு இக்கேள்விகள் எத்தகைய ஆறுதலைத் தருகின்றன என்பதை நாங்கள் நேரில் காண்கிறோம். முதல்நாள் குழம்பைச் சுவைத்துவிட்டு அவர் முகம் சுளித்தால் வருந்த வேண்டாம். என்ன குறை என்று அவரே சொல்லட்டும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய அளவு தெரிந்த பிறகுதான் குறைப்பது எளிதாகிறது. குழம்புக்கு இரண்டு தேக்கரண்டி போட்டுவந்த வீட்டில் முதல் வாரம் ஒன்றரை, அடுத்த வாரம் ஒன்றேகால், பிறகு ஒன்று என்று இறங்கலாம். நாவும் சில வாரங்களில் பழகிவிடும். எலுமிச்சைச் சாறு, மிளகு, சீரகம், கறிவேப்பிலை, பூண்டு ஆகியவை உப்பின் குறையை ஓரளவு மறைக்கும். சிறுநீரக நோயாளிகள் இவற்றுள் எது எவ்வளவு என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மருத்துவர் உடனடியாகக் குறைக்கச் சொல்லியிருந்தால் இந்தப் படிப்படியான முறை பொருந்தாது, அன்றே குறைத்துவிடுங்கள்.

அடுத்த முறை மறுபரிசோதனைக்கு வரும்போது நீங்கள் வாங்கிய நூலையும், வீட்டு நோட்டையும், ஒரு பென்சிலையும் உடன் கொண்டு வாருங்கள். வாரம் முழுவதற்குமான ஏழெட்டுச் செய்முறைகளில் உங்கள் நோயாளிக்குரிய உப்பு, எண்ணெய் அளவுகளை அந்தந்தப் பக்கத்திலேயே குறித்துத் தருகிறோம்.